இடப்பக்கத்து ஸ்பீக்கர்

ஹவுன்ஸ்லோ,
ஆனி 11, வியாழன்.

அன்பு மகள் சாந்திக்கு,

மடுமாதாவின் புண்ணியத்தில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடித் திரிகிறோம், அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீயும் மருமகன் றூபனும் மெல்பேணில் குறையில்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் செபமாலை சொல்கிறேன். அங்கே இப்போது குளிர் தொடங்கியிருக்கும், நெஞ்சை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். போனில் அப்பாவின் பேச்சை எடுத்தவுடன் வேறு கதை சொல்லுங்கோ அம்மா என்று நீ வெட்டிவிடுகிறாய், கடிதத்தை அப்படி வெட்ட முடியாது, அதனால் கடைசி வரை வாசி.

தை மாதம் அந்த ஞாயிற்றுக்கிழமை, நான் கடையில் ஷிப்டில் நின்ற நேரம், வயிற்றில் பிள்ளை தங்கவில்லை என்று நீ அப்பாவுக்குப் போன் எடுத்துச் சொன்னாய். அவர் ஓம் ஓம், நல்லது பிள்ளை, சந்தோசம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். பிறகு எனக்கு எடுத்து நீ அழுத அழுகை இன்னும் என் காதில் நிற்கிறது. அன்று தொட்டு நீ அவரோடு கதைப்பதில்லை, நான் உன்னில் குறை சொல்லவும் இல்லை. அன்றைக்கு வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கூடக் கழற்றாமல் அவரை வாய்க்கு வந்தபடி பேசினேன். அவர் என்னைப் பார்த்து முழித்தார். அவள் எனக்கு அப்படி ஒன்றும் சொல்லவில்லை, வேலையைப் பற்றி ஏதோ கதைத்தாள் என்றார். நான் நம்பவில்லை. சொல்லிப்போட்டு இப்போது மறைக்கிறார் என்றே நினைத்தேன். ஐந்து மாதமாக உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்று எனக்குக் களைத்துவிட்டது மகள்.

நீ நத்தார்ப் பண்டிகைக்கு அனுப்பிய அந்தச் சின்ன அம்பிளிபயரை அவர் தவக்காலம் முடியும்வரை திறக்கவில்லை. தவக்காலத்தில் பாட்டுக் கேட்கக் கூடாது என்று சாட்டுச் சொன்னார், உன் கோபம்தான் காரணம் என்பது எனக்குத் தெரியும். உயிர்த்த ஞாயிறு முடிந்துதான் பெட்டியை உடைத்தார். சாப்பாட்டுப் பெட்டி அளவில் ஒரு சாமான், அதற்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்து, நடுவில் கதிரையைப் போட்டு உட்கார்ந்த மனிசன் முதல் நாளே இடப்பக்கம் சத்தம் குறைவு என்றார். வயரை மாற்றினார், குறைவு. ஸ்பீக்கரை இடம் மாற்றினார், அப்போதும் இடப்பக்கம்தான் குறைவு. கடைக்காரருக்கு எழுதி அம்பிளிபயரையே மாற்றிப் புதியது ஒன்று எடுத்தார், அதுவும் அப்படியே. பிறகு யன்னல் சீலை சத்தத்தைக் குடிக்கிறது என்று அதைக் கழற்றினார், ஒரு கிழமை ரோட்டில் போகிறவர்கள் எல்லாரும் நாங்கள் சோறு தின்பதைப் பார்த்தார்கள். ஒரு கொப்பியில் திகதி போட்டு, எந்தப் பாட்டு, சத்தத்தை எத்தனையாம் நம்பரில் வைத்தது, இடம் எப்படி, வலம் எப்படி என்று பரீட்சை எழுதுகிற மாதிரி எழுதினார். எனக்கு இரண்டும் ஒரே மாதிரித்தான் கேட்டது. சொன்னால், உமக்கென்ன தெரியும் என்பார். வாயை மூடிக்கொண்டு மீன் வெட்டப் போய்விடுவேன்.

மேல் வீட்டுச் சுபாஸ்கரனை உனக்குத் தெரியும்தானே, எலெக்ட்ரிக் வேலை செய்கிறவர். அவர் மீற்றர் கொண்டுவந்து அம்பிளிபயரின் பின்பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். அண்ணை, இரண்டு பக்கமும் சரிக்குச் சரி வருகுது என்றார். அப்பாவுக்குக் கோபம் வந்து, உன்ர மீற்றர் பழசு என்று அந்தப் பாவத்தைத் தேத்தண்ணி கூடக் குடிக்க விடாமல் அனுப்பிவிட்டார்.

போன சனிக்கிழமை எனக்குப் பொறுக்கவில்லை. கதிரையைப் பிடித்து மற்றப் பக்கம் திருப்பி, ஸ்பீக்கருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருங்கோ என்றேன். எரிச்சலில்தான் செய்தேன், ஏதோ புத்தியில் செய்தேன் என்று நினைக்காதே. பாட்டைப் போட்டேன். கொஞ்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு இருந்தவர், இப்ப மற்ற ஸ்பீக்கர் குறைஞ்சு போச்சு என்றார். சொல்லிவிட்டுத் தன் இடக்கையைத் தூக்கி இடக்காதைப் பொத்தினார், எடுத்தார், திரும்பவும் பொத்தினார். பொத்தினாலும் எடுத்தாலும் அவருக்கு ஒன்றுதான். நான் பாட்டை நிற்பாட்டினேன்.

திங்கட்கிழமை காது பார்க்கும் இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். இடக்காதில் அநேகமாக ஒன்றும் இல்லையாம், ஒரு வருடத்துக்கு மேலே இருக்கும் என்றார்கள். பத்தொன்பது வருடம் விமானத்துக்குச் சாமான் ஏற்றின ஆள், இரைச்சலுக்குக் காதில் போடக் கொடுத்த மூடியில் இடப்பக்கத்தை எப்போதும் தூக்கிவிட்டபடிதான் நிற்பாராம், கூப்பிடுவது கேட்காவிட்டால் பேச்சு வாங்க வேண்டுமே என்று. வலக்கையில் பேனை பிடித்துப் பழகியதில் போனை எப்போதும் இடக்காதில்தான் வைப்பார், அது நீ அறிந்ததுதான். முந்தி, காசுக்கு வாங்கின போன் காட்டில் ஊருக்கு, மன்னாருக்குக் கதைத்த காலத்தில் விளங்காவிட்டாலும் திருப்பிக் கேட்க மாட்டோம், கேட்டால் நிமிடம் போய்விடும், ஓம் ஓம், நல்லது, சந்தோசம் என்று சொல்லி வைப்போம். அந்தப் பழக்கம் இவரை விடவில்லை. உனக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார். உன் குரல் வந்தது, நீ எடுத்தது சந்தோசம், அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். கூட இருக்கிற நான் கண்டுபிடிக்கவில்லை, அவரைப் பொய்யர் ஆக்கினேன். அது என்னுடைய பிழை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் பாதி வழியில் என் பக்கம் குனிந்து, அப்ப பிள்ளை எனக்குச் சொன்னவளா என்று கேட்டார். இவ்வளவு நாளும் நீ தாய்க்கு மட்டும் சொல்லிவிட்டுத் தன்னைத் தள்ளி வைத்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறார் சாந்தி, ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. ஓம், உங்களுக்குத்தான் முதல் சொன்னவள், எனக்குப் பிறகுதான் என்றேன். அவர் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். இறங்கும் இடம் வந்து போனது, அவர் எழும்பவில்லை, நானும் எழுப்பவில்லை.

தானாக உனக்கு எடுக்கப் பயப்படுகிறார். காது மெசின் கிடைக்க இன்னும் ஆறு கிழமை, ஒன்றரை மாதம், இருக்கிறது, அதுவரை பார்த்துக்கொண்டு இராதே. இந்த ஞாயிறு எடு, போனை வலக்காதில் பிடித்துக் கொடுப்பது என் பொறுப்பு. அவர் ஓம் என்றால் விட்டுவிடாதே, என்ன கேட்டது என்று திருப்பிக் கேள். மருமகனுக்கு எங்கள் அன்பைச் சொல். இரும்புச்சத்துக் குளிசையை நிற்பாட்டிவிடாதே. தேவதாய் உன் தலையில் கை வைத்துக் காக்கட்டும்.

உன்னை நினைத்தபடி இருக்கும் அம்மா,
ஞா. மரியநாயகி