நூல் போல ஒரு ரத்தக்குழாய்

3, திங்கள்
காலையிலேயே வெயில். ஆம்பூரிலிருந்து ஆறரை பஸ் பிடித்து ஆஸ்பத்திரிக்கு வந்தாயிற்று. ஷூ கம்பெனியில் ஒன்றரை மாதம் லீவு சொல்லியாயிற்று. கொண்டுவந்தவை: நைட்டி மூன்று, ஃபிளாஸ்க், ஆதார், இந்த நோட்டு.

தம்பி முரளிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. என் இடது சிறுநீரகத்தைக் கொடுக்கப் போகிறேன். நான் சலீமைக் கட்டிய நாளிலிருந்து, ஒன்பது வருஷமாக, அவன் என்னோடு பேசவில்லை. வந்து கேட்டது அவன் மனைவி கவிதாதான்.

4, செவ்வாய்
மேகமூட்டம். ஸ்கேன் வந்தது. டாக்டரம்மா பேனாவால் காட்டினார்.

"பெரிய ரத்தக்குழாய் இது. கீழ இன்னொண்ணு பாருங்க, நூல் மாதிரி. மூத்திரம் இறங்குற குழாய்க்கு இதுலருந்துதான் ரத்தம் போகுது."

"அறுந்துட்டா இன்னாம்மா ஆவும்?"

"அந்தக் குழாய் அழுகிடும். ரெண்டையும் தனித்தனியா தம்பிக்குத் தைக்கணும். கஷ்டம்தான். செய்யலாம்."

இவ்வளவு சின்னது. விலாவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கவிதா வந்தாள். "நீங்க வந்திருக்கறத அவருகிட்ட சொன்னேன் அண்ணி. செவுத்தப் பாத்துப் படுத்துட்டாரு."

5, புதன்
டயாலிசிஸ் அறை. கதவுக் கண்ணாடி வழியாக முரளியைப் பார்த்தேன். கால் வீக்கம். முன்னந்தலையில் வழுக்கை. எப்போது விழுந்ததோ. திரும்பினான், பார்த்தான். போர்வையை இழுத்துக்கொண்டான்.

ஒரே ஒரு தடவை அக்கா என்று கூப்பிட மாட்டானா.

சலீம்: "பேஜார் ஆவாத. வேணாம்னா இப்பவே சொல்லு, ஊருக்குப் போய்டலாம்."

அவன் பேசுவான் என்று நான் கொடுக்கவில்லை என்றேன். பொய்.

6, வியாழன்
நாளை காலை ஆபரேஷன். கையெழுத்துகள். ஒன்றும் சாப்பிடக் கூடாது. பயம்.

8, சனி
நேற்று எழுத முடியவில்லை. இருமினால் உயிர் போகிறது. டாக்டரம்மா வந்தார். சின்னக் குழாயையும் தைத்துவிட்டார்களாம். ரத்தம் விட்டதும் சிறுநீரகம் முழுக்கச் சிவந்ததாம். மேசையிலேயே மூத்திரம் இறங்கியதாம். அழுதேன். தையல் வலித்தது.

11, செவ்வாய்
மழை. வராந்தா வரை நடந்தேன். முரளி அறைக்குள் யாரும் போகக் கூடாது, தொற்று வருமாம். மத்தியானம் கவிதா அவனை வீடியோ காலில் பிடித்துக் கொடுத்தாள். மாஸ்க் போட்ட முகம், கண் மட்டும்.

"சாப்ட்டியா?" என்றான்.

"சாப்ட்டேன். நீ?"

"கஞ்சி."

வைத்துவிடுவானோ என்றிருந்தது.

"அவரு இருக்காரா?"

"யாரு, சலீமா? டீ வாங்கப் போயிருக்காருடா. வர நேரமாவும்."

"பரவால்ல. லைன்ல இருக்கேன்."