தூக்கத் தெரியாதவர்

இன்று காலை மகன் தேத்தண்ணிக் கோப்பையை நீட்டியபோது அவன் கையில் குழந்தைச் சோப்பு மணந்தது. கோப்பையை வாங்கி மேசையில் வைத்துவிட்டேன். குடிக்க மனம் வரவில்லை. சோப்பில் பிழையில்லை. உங்கள் கை ஒருநாளும் அப்படி மணந்ததில்லை என்பதுதான் முதலில் ஞாபகம் வந்தது. நீங்கள் செத்துப் போய் நாலு வருடம். கட்டின புருஷன்மேல் எனக்கிருந்த கோபம் எங்கும் போகவில்லை.

போன சனிக்கிழமை அவன் என்னை மெரிலேண்ட்ஸில் ஒரு மண்டபத்துக்குக் கூட்டிப் போனான். ஆறு கிழமையாகச் சனிக்குச் சனி அங்கே அப்பாமாருக்கு வகுப்பு. மருமகள்தான் பெயர் கொடுத்தவள். "பிள்ளை பிறந்து ரெண்டு மாசம், இவர் வீட்டில விருந்தாளி மாதிரி நிக்கிறார். இப்பிடியே போனால் நான் பிள்ளையோட ரோவிலுக்கு, அங்க இருக்கிற அம்மாவிட்டைப் போயிடுவன்" என்று என் முன்னாலேயே சொன்னாள். சொன்னால் செய்கிறவள்.

கடைசி வகுப்புக்குப் பெற்றோரும் வரலாமாம். வட்டமாகக் கதிரைகள், நடுவில் தண்ணீர்த் தொட்டி, ஒரு பிளாஸ்டிக் பொம்மை. தாடி வைத்த எட்டு ஆம்பிளைகள் முறை வைத்து அந்தப் பொம்மையைக் குளிப்பாட்டினார்கள். சீ என்று போய்விட்டது எனக்கு.

"ஆடு வகுப்புக்குப் போயோ, பிள்ளை, குட்டியை நக்கப் பழகினது?" என்று வகுப்பு நடத்திய பெட்டையிடம் கேட்டேன்.

"நக்கிறது தாய் ஆடு, அன்ரி. கிடாய் எங்க நிண்டது?" என்றாள். வாய்க்காரி.

பிறகு அவள், அப்பா உங்களைத் தொட்டதில் ஞாபகமுள்ள ஒன்றைச் சொல்லுங்கோ என்றாள். லொறி ஓட்டுகிற ஒருவன், "எங்கட அப்பா பெல்ட்டாலதான் தொட்டவர்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதில் ஊத்தையாக ஒட்டியிருக்கிறது.

அடுத்தது மகன். 'அப்பா ஒருநாளும் தூக்கினதில்லை' என்று சொல்லப்போகிறான் என்று நிமிர்ந்து இருந்தேன். "கொப்பர் உன்னைத் தூக்கேல்லை" என்று ஊட்டித்தானே வளர்த்தேன்.

அவன் சொன்னான்: "அப்பா ஆஸ்பத்திரியில கடைசியா ஒண்டு சொன்னவர். 'உன்னைத் தூக்க ஆசையாத்தான் இருந்தது. தூக்கத் தெரியாதெண்டு கொம்மா சொன்னவ. பிறகு நான் கேக்கேல்லை' எண்டு."

ஒருவரும் என் பக்கம் திரும்பவில்லை. திரும்பியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

என் ஞாபகம் உங்களுக்குத் தெரியும். தேட வேண்டியிருக்கவில்லை. இவனைப் பெற இரண்டு நாள் நான் நோவில் கிடந்தபோது நீங்கள் ஆஸ்பத்திரி வாசலில்கூட நிற்கவில்லை. சிநேகிதன் வீட்டில் சீட்டாடிக்கொண்டிருந்தீர்கள். பிள்ளை பெற்ற துடக்கு, தீட்டு என்று முப்பத்தொரு நாள் உள்ளறையில் கிடந்து அதையே நினைத்தேன். துடக்குக் கழித்து ஐயர் போன பிறகு நீங்கள் வந்தீர்கள். தலை ஈரம். தோய்த்த வேட்டி. இரண்டு கையையும் நீட்டினீர்கள்.

"விடுங்கோ. உங்களுக்குத் தூக்கத் தெரியாது, விழுத்திப் போடுவியள்" என்றேன்.

துடக்குக் கழிந்தது, எனக்குக் கழியவில்லை. நீங்கள் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வெளியே போனீர்கள். இதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை. தூக்கவில்லை என்பதை மட்டும் ஊரெல்லாம் சொன்னேன்.

என்னை நினைக்க எனக்கே அருவருப்பாக இருக்கிறது. அதற்காக உங்களை விட்டுவிடுவேன் என்று நினைக்காதேங்கோ. சீட்டாடப் போகாதேங்கோ என்று நூறு தரம் சொன்னேன், கேட்டீர்களா? இதை மட்டும் ஒரே தரத்தில் கேட்டீர்கள். இரண்டாம் தரம் கையை நீட்டியிருந்தால் தந்திருப்பேன். உங்களுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மண்டபத்திலிருந்து வருகிற வழியில்தான் மற்றது உறைத்தது. இந்த நாலு மாதமும் மகன் பிள்ளை குளிக்கிற தொட்டியில் கை வைக்கும்போதெல்லாம், "தள்ளு ராசா, நான் பாக்கிறன்" என்றிருக்கிறேன். அவன் தள்ளிப் போய்ப் போனை எடுப்பான். மருமகள் பார்த்துக்கொண்டு நிற்பாள்.

அந்தத் தேத்தண்ணிக்கு முன்னால் நடந்ததைச் சொல்லவில்லையே. காலையில் அவன் தனியே பிள்ளையைக் குளிப்பாட்டினான். தண்ணீர் கொட்டுகிற சத்தத்திலேயே கூடிப்போச்சு என்று தெரிந்தது. பிள்ளை வீரிட்டுக் கத்தியது. நான் குசினிக் கதிரையில், இரண்டு கையையும் தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் இருந்தேன்.

"மாமி, நீங்கள் போகேல்லையோ?" என்றாள் மருமகள்.

"இல்லை."

உள்ளேயிருந்து அவன் கேட்டான்: "அம்மா, காதுக்கை தண்ணி போகுது, தலையை எப்பிடிப் பிடிக்கிறது?"

'உனக்குத் தெரியாது, விடு' என்ற பழைய சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. விழுங்கினேன்.

"உனக்குத் தெரியும். பிடி" என்றேன்.

கத்தல் நிற்கவில்லை. நானும் எழும்பவில்லை. மருமகள் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தாள்.

அந்தச் சொல் இன்னும் தொண்டையில்தான் நிற்கிறது. இருக்கட்டும். உங்களிடம் வரும்போது என்னோடு கொண்டு வருவேன். இந்த வீட்டில் அதை விட்டுவிட்டு வரமாட்டேன்.