எண்ணெய்ச் சூடு என்று நீங்கள் சொன்ன தழும்பு

என் பாசமுள்ள ராசம்மா அக்காவுக்கு,

நான் மருந்து கொடுக்கும் மருந்துக்காம்பரா ஜன்னலுக்குக் கடைசியில் கண்ணாடி போட்டுவிட்டார்கள். சாரல் இப்போது மேசையில் அடிப்பதில்லை. அதற்காக எத்தனை சண்டை போட்டீர்கள்! நீங்கள் உயிரோடு இருக்கும்போதே போட்டிருக்கக் கூடாதா?

எழுத வந்தது உங்கள் மகள் மல்லிகாவைப் பற்றி. உங்களுக்குப் பிறகு இந்தத் தோட்டத்துக்கு அவள்தான் மருத்துவச்சி. கைராசிக்காரி என்று அதற்குள் பெயர் வாங்கிவிட்டாள். போன வாரம் இளம்பிள்ளைவாதத்துக்கான சொட்டு மருந்து வரப்போகிறது என்று லிந்துலை ஆஸ்பத்திரியிலிருந்து சேதி வந்தது. லயத்து வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டிவரச் சொன்னவள், தன் மகனை மட்டும் சேர்க்கவில்லை.

"புது மருந்து மாமா. முதல்ல மத்த பிள்ளைங்களுக்குக் குடுத்துப் பார்ப்போம். எம் பிள்ளைக்கு அப்புறம் பார்த்துக்கலாம்" என்றாள்.

எனக்கு வந்த கோபத்துக்குத் திட்டியிருப்பேன். ஆனால் எதிரே நின்றது அச்சு அசல் நீங்கள்.

பெரியம்மை பயம் வந்த வருசம் நினைவிருக்கிறதா? தோட்டத்தின் கீழ்ப் பிரிவில் ஒருவருக்கு அம்மை கண்டுவிட்டது. எல்லாருக்கும் அம்மை குத்த என்னோடு வீடு வீடாக வந்த நீங்கள், உங்கள் கையை மட்டும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டீர்கள். "நான் மாரியாத்தாளுக்கு நேந்துக்கிட்டவ. எனக்கு எதுக்குடா?" என்றீர்கள்.

காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்த, கொழுந்து பறிக்கும் பெண்களிடம் அந்தச் சாக்குச் செல்லவில்லை. இடுப்பில் குழந்தையோடு நின்ற பார்வதிதான் கேட்டாள். "இது நீங்க எடுத்த பிள்ளை. ஆத்தா உங்களை மட்டுந்தான் காப்பாத்துவாளா? நீங்க முதல்ல கையைக் காட்டுங்க, அப்புறம் இது கையைத் தர்றேன்."

நீங்கள் அந்தக் குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றீர்கள். பிறகு ரவிக்கைக் கையை மேலே ஏற்றி, "குத்துடா தம்பி" என்றீர்கள். அடுத்து பார்வதி குழந்தையை நீட்டினாள். கை வீங்கிக் காய்ச்சல் வந்தபோது என்னைத் திட்டித் தீர்த்தீர்கள். இறங்கியதும் கோயிலுக்குப் போய்க் கூழ் ஊற்றினீர்கள்.

இதை மல்லிகாவிடம் சொன்னேன். அப்போது அவள் மஸ்கெலியாவில் அத்தை வீட்டில் படித்துக்கொண்டிருந்தாள் அல்லவா? நம்பவே இல்லை.

"அந்தத் தழும்பு வடை சுடும்போது எண்ணெய் தெறிச்சதுன்னுல்ல அம்மா சொன்னாங்க!"

அக்கா, பெற்ற மகளிடம் போயா இப்படிப் புளுகுவீர்கள்? நான் சிரித்துவிட்டேன். அவள் அழுதாள். ஏன் மறைத்தீர்கள்? ஆத்தாளுக்குப் பயந்தா, தோற்றுப்போனதாக நினைத்தா?

"அம்மாவுக்கும் பயமா இருந்துச்சா மாமா?"

"இருந்துச்சும்மா. ஆனா கையை இழுத்துக்கல."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள். ராத்திரி எனக்குச் சரியாகத் தூக்கமில்லை.

இன்று காலை, பிள்ளைகளை விட்டுவிட்டு வேலைக்குப் போகும் பிள்ளைக்காம்பரா வாசலில் தாய்மார் கூடி நின்றார்கள். நான் மருந்தைக் கையில் எடுத்தும் யாரும் முன்னால் வரவில்லை. மல்லிகா மகனோடு வந்து, எல்லாரும் பார்க்க அவனை மடியில் வைத்துக்கொண்டு, "ஊத்துங்க மாமா" என்றாள். பயல் முகத்தைச் சுளித்தான், துப்பவில்லை. அவளுக்குப் பின்னால் வந்து நின்றது யார் தெரியுமா? அதே பார்வதி, தன் கடைசிப் பிள்ளையோடு.

அடுத்த தடவை மருந்து வரும்போது உங்கள் பேரனை நானே தூக்கிவந்து முதல் ஆளாக நிற்கிறேன். அவன் வளர்ந்து கேட்டால், அம்மாயி கையில் இருந்தது எண்ணெய்ச் சூடு இல்லை என்று சொல்லத்தான் போகிறேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் கையில் அம்மை குத்திய தம்பி,
சுப்பையா