மஞ்சளாகக் கூடாத குழி

மார்ச் 3
மூத்த பேரன் கப்பலில் இரண்டாம் இன்ஜினியர் ஆகிவிட்டான். சின்னப் பேத்தி நீச்சலில் கோப்பை வாங்கினாள். அவள் அப்பனுக்கோ தொட்டித் தண்ணீரைக் கண்டாலே நடுங்கும். நடுப் பேத்தி, என் குட்டி, டாக்டர் பட்டம் வாங்கி ஆய்வுக்கூடத்தில் இருக்கிறாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற என் வம்சம் இது! வெள்ளைக் கோட்டில், கையில் வெள்ளை முயலை ஏந்தி அவள் நிற்கும் போட்டோ கூடத்துச் சுவரில். வருகிறவர்களை அதைப் பார்க்காமல் விடுவதில்லை.

மார்ச் 5
லீவு முடிந்து குட்டி கிளம்பினாள். போகுமுன் என் கையில் ஊசி குத்தி ஒரு குப்பி ரத்தம் எடுத்துக்கொண்டாள். பன்றியின் சிறுநீரகத்தை மனிதருக்கு வைக்கப் பார்க்கிறார்களாம். வைத்தபின் பன்றியின் புரதம் ஒன்று நம் ரத்தத்தில் கசியும். ரத்தம் உறைந்துகொண்டே போகாமல் 'போதும்' என்று தடுக்கிற புரதம். அதை அளக்க ஒரு சோதனை செய்கிறாள். தட்டு நிறையச் சின்னக் குழிகள். பன்றிப் புரதம் இருந்தால் மஞ்சள் எழும்.

"உங்க குழி தண்ணி மாதிரி இருக்கணும் பாட்டி. அதை வச்சுத்தான் ஒப்பிட்டுப் பார்ப்போம்."

என் ரத்தமும் ஆராய்ச்சிக்குப் போகிறது.

மார்ச் 14
ஃபோன். குட்டியின் குரலே சரியில்லை. என் குழி மஞ்சளாம். பன்றிகளின் குழியைவிட அடர்த்தியாம். மற்ற மனிதர்களின் ரத்தமெல்லாம் தெளிவு. நான் ஒருத்தி மட்டும்—

"பாட்டி, இதயத்துல வால்வு ஏதாவது வச்சாங்களா? பன்றியில இருந்து எடுக்கிற ஊசி மருந்து?"

"தலைவலி மாத்திரையே போடமாட்டேன்டி."

பக்கத்திலிருந்த மகன் சிரித்தான். "அம்மா, உங்க குறட்டை எங்கிருந்து வருதுன்னு இப்பதான் தெரியுது!"

நானும் சிரித்தேன். பிறகு கண்ணாடி முன் வெகுநேரம் நின்றேன். எதைத் தேடினேன்?

மார்ச் 15
வலது கைப் பெருவிரல் காரணமில்லாமல் அரிக்கிறது.

மார்ச் 22
நர்ஸ் வந்து மறுபடி ரத்தம் எடுத்துப் போனாள். மறுபடி மஞ்சள். மாதக் கடைசியில் குட்டியின் ஆய்வுக்கூடப் பெரியவர்கள் சோதனையைப் பார்க்கக் கூடுகிறார்கள். மனித ரத்தத்தில் பன்றி இருப்பதாகச் சொல்லும் சோதனையை யார் நம்புவார்கள்? அவள் உழைப்பெல்லாம் குப்பைக்குப் போகும். என்னால. என் ரத்தத்துக்குள்ள என்னதான் இருக்கு?

போட்டோவில் குட்டி எங்கோ பார்க்கிறாள். முயல் என்னையே பார்க்கிறது. முன்பும் அப்படித்தானா?

மார்ச் 26
குட்டி ஃபோனில் கேட்டாள்.

"பாட்டி, நீங்க எப்பவாவது முயல்களோட இருந்திருக்கீங்களா?"

யாரிடமும் சொன்னதில்லை. அவள் தாத்தாவிடம்கூட. பள்ளியிலிருந்து நிறுத்தியதும் கல்யாணம்வரை முயல் பண்ணையில்தான் வேலை. பெருவிரலில் கடி வாங்காத வாரமில்லை. முயல் சத்தமே போடாது. சாகும்போது ஒரே ஒரு தடவை தவிர.

"உனக்கு எப்படிடி தெரிஞ்சது?"

"பன்றிப் புரதத்தை அடியிலயும் மேலயும் பிடிக்க ரெண்டு கொக்கி வச்சிருக்கோம். ரெண்டுமே முயல் ரத்தத்துல செஞ்சது. பன்றியையே பிடிக்காத வெறும் முயல் கொக்கியைப் போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு அப்பவும் மஞ்சள். உங்க ரத்தத்துல முயலைப் பிடிக்கிற ஏதோ இருக்கு பாட்டி. அதுவே ரெண்டு கொக்கியையும் சேர்த்துக் கட்டிடுது; அப்படிச் சேர்ந்தாலே மஞ்சள் வந்துடும்."

"அம்பது வருஷம் ஆச்சேடி!"

"அதுதான் எனக்கும் புரியல. உங்க ரத்தம் மறக்கல."

மார்ச் 31
ஜெயித்துவிட்டாள்! எல்லாக் குழிகளிலும் முதலில் சாதாரண முயல் ரத்தத்தின் தெளிநீரைக் கலந்தாளாம். என் ரத்தம் அதைப் பற்றிக்கொண்டு கொக்கிகளை விட்டுவிட்டது. என் குழி தண்ணீர். பன்றிகளின் குழி மட்டும் மஞ்சள். பெரியவர்கள் கை தட்டினார்களாம். என் பேத்தி!

ஒன்று கேட்டேன். "போட்டோவுல உன் கையில இருக்கே, அந்த முயல் எப்படி இருக்கு?"

"அது போயிடுச்சு பாட்டி. அதோட ரத்தத்துலதான் அந்தக் கொக்கி செஞ்சோம்."

படத்தைக் கழற்றித் துணியில் சுற்றிப் பீரோவில் வைத்தேன். சுவரில் ஆணி மட்டும். பெருவிரல் இன்னும் அரிக்கிறது.

குட்டியிடம் சொல்ல வேண்டும்: புதுப் போட்டோ ஒன்று எடுத்துத் தபாலில் போடு. கையில் எதையும் ஏந்தாமல் நில்.