எட்டும் ஒற்றைத் தாளாக

செப்டம்பர் 3, திங்கள்

மேற்கிலிருந்து கச்சான் காற்று. தெருவெல்லாம் புழுதி. கதவைச் சாத்திக்கொண்டு எழுதுகிறேன்.

எழுத்து கோணலாக இருக்கிறது, மன்னிக்க வேண்டும். யாரிடம் கேட்கிறேன் என்று தெரியவில்லை. பின்னால் ஒருநாள் இதைப் படிக்கப்போகும் என்னிடம்தான். ஒரு வரி எழுதினால் விரல் மரத்துப்போகிறது. உதறிவிட்டு அடுத்த வரி. ஆனாலும் மனதுக்குள் ஒரே சந்தோஷம். இந்த வயதில் என் கையே எனக்குப் புதிதாக இருக்கிறது.

சிங்கப்பூரிலிருந்து மகள் ஸ்டெல்லா கப்பல் டிக்கெட் அனுப்பிவிட்டாள். 15-ம் தேதி மதராஸிலிருந்து கப்பல். அங்கே ஐந்து பேரப்பிள்ளைகள். ஒன்றின் முகத்தையும் நான் பார்த்ததில்லை. மரியம்மாள் வரவில்லை. கடற்கரையில் பிறந்தவள், என் வீட்டுக்காரி, ஆனால் தோணியில் கால் வைத்தாலே வாந்தி.

வாங்க வேண்டியவை: கருவாடு, மக்ரூன், பனங்கற்கண்டு, புது வேட்டி, டாலர்.

டாலர்தான் கஷ்டம் என்கிறான் கஸ்பார். என்னோடு வத்தைத் தோணியில் மூட்டை ஏற்றியவன், பிறகு கப்பலில் வேலைக்குப் போய் ஊரெல்லாம் சுற்றியவன். "பேங்குல கவர்மெண்டு சட்டப்படி மொத்தமே எட்டு டாலருதான் தருவான். ஒத்த ஒத்தத் தாளாக் கேளுலே. அங்கன போயி அஞ்சு டாலர நீட்டுனன்னா மூட்ட தூக்குதவன் சில்லற இல்லம்பான். அஞ்சும் போச்சு."

எனக்கு வேறு காரணமும் உண்டு. பேரப்பிள்ளையை முதல்முதல் பார்க்கும்போது கையில் காசு வைத்துத்தான் முகம் பார்க்க வேண்டும். ஐந்து கை. ஐந்து தாள். மீதி மூன்று துறைமுகச் செலவுக்கு. இறங்கியதும் மருமகனிடம் சில்லறை கேட்டு நிற்க மாட்டேன்.

செப்டம்பர் 4, செவ்வாய்

காலையில் வங்கி. நல்ல கூட்டம். பாரத்தில் பெயர் எழுதினேன். முழுப் பெயர். பின்னால் நின்றவர் பெருமூச்சு விட்டார், அவ்வளவு நேரம். எழுதி முடித்ததும் பேனாவை மூடி, பாரத்தைக் கம்பீரமாக நீட்டினேன்.

கவுண்டர் தம்பி பாரத்தைப் பார்த்தான். பாஸ்போர்ட்டைப் பார்த்தான். திரும்பவும் பாரத்தை.

"பெரியவரே, பாஸ்போர்ட்ல கைநாட்டு. இங்கன கையெழுத்து. ரெண்டும் ஒரே ஆளுன்னு நான் எப்படிப் பாஸ் பண்ண?"

"அதான் நான் நிக்கேன்லா."

"நீங்க நிக்கிய. காயிதம் ஒத்துக்கிடணும்லா."

போன வருஷம் பாஸ்போர்ட் எடுக்கும்போது எனக்கு எழுத்து தெரியாது. படித்தது இந்தச் சித்திரைக்குப் பிறகு. பாஸ்போர்ட்டை மாற்ற மாதக்கணக்கில் ஆகுமாம். கைநாட்டு வைத்தால் இன்றே தருவானாம். அதுவும் ஐந்து டாலர் தாள் ஒன்று, ஒற்றைத் தாள் மூன்று.

பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். மத்தியானம் சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 5, புதன்

நேற்று எழுதாமல் விட்டது. எங்கள் இரவுப் பள்ளியில் டீச்சரம்மா ஒரு வழக்கம் வைத்திருக்கிறாள். பெயர் எழுதப் பழகியவன் பெருவிரலைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு மாதா கோயிலுக்குப் போக வேண்டும். இனி கைநாட்டு வைப்பதில்லை என்று நேர்ந்துகொள்ள வேண்டும். நானும் நேர்ந்தேன். மற்றவர்கள் மெதுவாகச் சொன்னார்கள். நான் சத்தமாகச் சொன்னேன்.

சாயங்காலம் கஸ்பார். "எதுக்குலே இந்தப் பாடு? ஹார்பர் கேட்டுல அமெரிக்காக் கோதுமக் கப்பல்காரன் நிக்கான். ஒத்த டாலரு எம்புட்டு வேணும்? கைநாட்டும் வேண்டாம், கையெழுத்தும் வேண்டாம்."

"மதராஸ்ல சோதிச்சா?"

"கோமணத்துல வையி."

சிரித்துவிட்டேன். ஆனால் முடியாது என்றேன். கோமணத்திலிருந்து எடுத்தா பிள்ளைகள் கையில் வைப்பது? முறையாக வாங்கி, பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் இறங்குவேன்.

ராத்திரி மரியம்மாளிடம் சொன்னேன். "மாதாவுக்குப் பிள்ளைக அரும தெரியாதா? போயி வெரல வச்சிட்டு வாரும்" என்றாள்.

செப்டம்பர் 7, வெள்ளி

வங்கி. மரியம்மாளும் கூட. கைநாட்டுக்கு எழுதத் தெரிந்த ஒருவர் சாட்சி போட வேண்டும். அவள் ஐந்தாம் வகுப்பு.

"இத்தன வருசமா இவருக்கு எல்லாத்துக்கும் நாந்தான் சாட்சி" என்று அந்தத் தம்பியிடமே சொன்னாள். "இன்னைக்குத்தான் காயிதத்துல போடுதேன்."

மைப்பெட்டியைத் திறந்து வைத்தான். அந்த வாடை. விரலை மையில் தொட்டேன். பாரத்துக்கு மேலே கொண்டுபோனேன். அங்கேயே நிறுத்திக்கொண்டேன்.

"தம்பி, எட்டும் ஒத்தத் தாளாத் தாரேன்னு சொல்லுங்க. பொறவு வைக்கேன்."

"ஒத்தத் தாளு தட்டுப்பாடு பெரியவரே. அஞ்சு டாலரும் நல்ல காசுதான்."

"பேரப்புள்ளைய அஞ்சு பேரு. அதக் கிழிச்சா குடுக்க?"

பின்னாலிருந்து ஒருவர்: "அண்ணாச்சி, வையும். ஒரு வெரலுக்கு எம்புட்டு நேரம்?"

நான் அசையவில்லை. விரலில் மை காய்கிறது. இந்த விரலைத் தருவதற்கு நான் என்ன விலை கொடுக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியாது. அந்தத் தம்பி என் முகத்தைப் பார்த்தான். எழுந்து உள்ளே போனான். மின்விசிறிச் சத்தம். மரியம்மாள் என் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள்.

வந்தான். எட்டும் ஒற்றைத் தாள். பச்சை மங்கியவை. ஒன்றில் ஓரம் கிழிந்திருந்தது. வேறு கேட்டேன். "நீங்க லேசுப்பட்ட ஆளு இல்ல" என்று சொல்லி மாற்றித் தந்தான்.

மறுபடி மையில் தொட்டு, வைத்தேன்.

மரியம்மாள் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள். என்னைவிட நல்ல கையெழுத்து. பொறாமையாக இருந்தது.

செப்டம்பர் 9, ஞாயிறு

பூசை முடிந்து எல்லாரும் போன பிறகு மாதா முன்னால் நின்றேன். சாக்கு ஒன்றும் சொல்லவில்லை. நேர்ந்ததை முறித்தேன், ஐந்து பேருக்காக முறித்தேன், இதுதான் கடைசி என்றேன். ஒரு மெழுகுவத்தி. மனம் முழுசாக லேசாகவில்லை. பாதி.

மருதாணி மாதிரி மை இன்னும் ரேகைக்குள் நிற்கிறது. தேங்காய் எண்ணெய் போட்டும் போகவில்லை.

மக்ரூன் வாங்கியாயிற்று. கருவாட்டைக் கப்பலில் ஏற்ற விடமாட்டார்களாம். கஸ்பாருக்குக் கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 10, திங்கள்

இன்று சாயங்காலம் மதராஸ் ரயில்.

காலை முழுக்க ஒரே வேலை. ஐந்து உறை. ஒவ்வொன்றிலும் ஒரு தாள். மேலே பிள்ளைகளின் பெயர், என் கையால். செபஸ்தி. ரோஸ்லின். பிரான்சிஸ். அந்தோணி. ஜெசிந்தா. "ஜெ" எழுத மூன்று உறை வீணாயிற்று. மரியம்மாளிடம் எழுதித் தரச் சொல்லலாம்தான். சொல்லவில்லை.

அவள் எட்டிப் பார்த்தாள். "நல்லாத்தான் எழுதிருக்கீரு. ஆனா அதுக இங்கிலீசு பள்ளிக்கூடத்துல படிக்குதுக. தமிழ் வாசிக்கத் தெரியுமோ என்னமோ."

எனக்கு இது தோன்றவே இல்லை. உறைகளை ஒவ்வொன்றாகப் பெட்டிக்குள் அடுக்கினேன்.

தெரியாவிட்டால் என்ன. நான் வாசித்துக் காட்டுவேன்.

பேனாவும் நோட்டும் பெட்டியின் மேல்பக்கம். அடுத்த வாரம் கப்பலில், தண்ணீருக்கு நடுவே, இதைத் திறப்பேன். குதிரை வண்டி வந்துவிட்டது. மரியம்மாள் கூப்பிடுகிறாள்.