இன்ஜின் மூடியில் ஒரு பள்ளம்

மூத்தவனுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்கப் போவதில்லை. நலமில்லை என்று தெரிந்த பிறகுதான் காகிதத்தை எடுத்தேன். இங்கே நானும் உன் தம்பியும் அவன் பெண்டாட்டியும் ஏதோ நடமாடிக்கொண்டிருக்கிறோம். நேற்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். பெரிது பெரிதாக இருப்பதற்குக் காரணம் வேறு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்கும் எனக்கும் பேச்சு நின்று ஒன்பது வருஷம் நாலு மாதம் ஆகிறது. நீ மறந்திருப்பாய். நான் மறக்கவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை. உன் அப்பா போய் மூன்று மாதம்கூட ஆகவில்லை. நீ வாங்கிய பெரிய லாரியை வாசலில் நிறுத்தி, பானெட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு, தெருவுக்கே இன்ஜினைக் காட்டிக்கொண்டிருந்தாய். பக்கத்தில் அப்பாவின் பழைய வண்டி நின்றது. 'இது லாரி இல்லம்மா, தள்ளுவண்டி. அப்பா போனப்பவே இதையும் எடைக்குப் போட்டிருக்கணும்' என்றாய். கதவுக்குப் பின்னால் நின்று உன் பெண்டாட்டி சிரித்தாள். அதுவும் ஞாபகம் இருக்கிறது. கையில் அகப்பட்ட வீல் ஸ்பேனரை எடுத்து வீசினேன். உன்னைக் குறி வைத்துத்தான் வீசினேன், பொய் சொல்ல மாட்டேன். நீ குனிந்துவிட்டாய். அது உன் இன்ஜினின் மேல்மூடியில் போய் விழுந்தது. 'இனிமே உன் வண்டிச் சத்தம் என் வாசல்ல கேக்கக் கூடாது' என்றேன். அன்றோடு கேட்கவில்லை. வீம்பில் மட்டும் நீ அப்படியே என்னைக் கொண்டு பிறந்தவன்.

விஷயத்துக்கு வருகிறேன். வரிசையாகச் சொல்லாவிட்டால் எனக்கே தலை சுற்றும்.

அப்பாவின் வண்டி ரொம்பத் தளர்ந்துவிட்டது. ஜல்லி ஏற்றினால் பாலத்து மேட்டில் மூச்சு வாங்கும். பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்தே நம் பரம்பரையை விசாரிப்பார்கள். ஒருநாள் சிமெண்டு மூட்டையோடு ஏறும்போது கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர் எங்களை முந்திப் போனார். போனவர் சும்மா போகாமல் திரும்பி நின்று, 'தள்ளி விடட்டுமா தம்பி?' என்று வேறு கேட்டார். லோடு கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வண்டியைத் தேடிப் போய்விட்டார்கள். இரண்டு மாதத்துக்கு முன் சின்னவன் வந்து, வண்டி உடம்பு அப்படியே இருக்கட்டும், உள்ளே பெரிய இன்ஜினாக மாற்றி வைக்கிறேன் என்றான். எங்கேயிருந்து என்று கேட்டேன். பழைய இரும்புக் கடைக்கு ஒன்று வந்திருக்கிறது என்றான். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். அப்போதே பிடித்திருக்க வேண்டும்.

வேலை மொட்டை மெக்கானிக் ஷெட்டில் நடந்தது. நான் அந்தப் பக்கம் போகவில்லை. 'இதுக்கு மெக்கானிக் வேணாம்ணே, குழி வெட்டுறவன் போதும்' என்று அப்பா முகத்துக்கு நேரே சொன்னவன் அவன். பதினாலு வருஷமாக அவனோடு எனக்குப் பேச்சில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துச் சொல்வேன். அதனால் எல்லாம் சின்னவன் சாப்பிட உட்காரும்போது சொல்லிக் கேட்டதுதான். செயின் பிளாக்கில் கட்டிப் பழைய இன்ஜினைத் தூக்கினார்களாம். புதிது ஒரு சாண் நீளம் அதிகமாம். அதற்காக ரேடியேட்டரை முன்னால் தள்ளி, கேபின் தரையை வெட்டி, இன்ஜினைத் தாங்குகிற இரும்புகளைப் புதிதாக வெல்டிங் வைத்தார்களாம். இன்ஜின் மட்டும் பெரிசானால் போதாதாம், அந்தப் பலத்துக்குப் பழைய கியர் பாக்ஸ் பல் கொட்டிவிடுமாம். ஆகவே கியர் பாக்ஸும் அதனுடையதே. பின்சக்கரத்துக்குப் பலத்தைக் கொண்டுபோகும் நீளத் தண்டை லேத்தில் கொடுத்து வெட்டிச் சேர்த்தார்கள். பின் ஆக்சில், பிரேக் எல்லாம் மாறிவிட்டது.

அப்பாவுடையது என்று மிச்சமிருப்பது கேபினும் அடிச்சட்டமும், நான் ஏறி இறங்க அவர் கதவில் கட்டிவிட்ட கயிறும்தான். நான் உட்காரும் நடு இடத்தில் இப்போது கியர் பாக்ஸ் மேடு முட்டிக்கொண்டு நிற்கிறது. 'அத்தைக்குன்னே அளவெடுத்து செஞ்ச மாதிரி இருக்கு' என்றாள் சின்ன மருமகள். கேட்டுக்கொண்டேன். மனதில் முடிந்தும் வைத்துக்கொண்டேன்.

வண்டி முந்தாநாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தது. 'இதுக்குத் தெனமும் தண்ணி ஊத்த வேணாம்மா, நீ பானெட்டத் தெறக்காத' என்றான் சின்னவன். முப்பத்தாறு வருஷமாக வண்டி கிளம்பும் முன் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. அப்பா டயரைத் தட்டிப் பார்ப்பார், நான் குவளையோடு போவேன். அவர் போன பிறகும் ஒருநாள் தவறியதில்லை. என்னிடம் போய்த் திறக்காதே என்றால், திறக்காமல் இருப்பேனா? என் வயிற்றில் பிறந்தும் அந்த மடையனுக்கு இது தெரியவில்லை.

நேற்றுக் காலை குவளையோடு போனேன். திறந்தேன். வெள்ளி பெயிண்ட் அடித்துப் புதுப் பாத்திரம் மாதிரி மின்னிற்று. பரவாயில்லையே என்று பார்த்துக்கொண்டே வந்தவளுக்கு, மேல்மூடியில், ஆயில் ஊற்றுகிற இடத்துக்குப் பக்கத்தில், பிறை போல ஒரு பள்ளம் கண்ணில் பட்டது. பெயிண்ட் அடித்தால் நிறம் மாறும், பள்ளம் போகுமா? விரலை வைத்தேன். என் கையிலிருந்து போன இரும்பு விழுந்த இடம் எனக்குத் தெரியாதா? குவளை கீழே விழுந்து காலெல்லாம் தண்ணீர். அப்படியே பம்பரில் உட்கார்ந்துவிட்டேன்.

முதலில் வந்த நினைப்பு, நீ போய்விட்டாய் என்பதுதான். உயிரோடு இருக்கிற லாரிக்காரன் ஓடுகிற வண்டியின் இன்ஜினைக் கழற்றிக் கொடுப்பானா? அந்த ஒரு நிமிஷம் நான் பட்டதை எழுத எனக்குப் படிப்புப் போதாது.

பல் தேய்த்துக்கொண்டிருந்த சின்னவனைச் சட்டையைப் பிடித்து இழுத்து வந்து, உங்க அண்ணன் இருக்கானா இல்லையா என்று கேட்டேன். வாயெல்லாம் நுரையோடு, 'இருக்காம்மா, இருக்கான், சட்டைய விடு' என்றான். பிறகு ஒவ்வொன்றாகக் கக்கினான்.

சர்க்கரை வியாதி கண்ணில் இறங்கி இடது கண் முழுக்கப் போய்விட்டதாம். வலது கண், வைப்பர் இல்லாத கண்ணாடி வழியாக மழையைப் பார்ப்பது மாதிரியாம். இனிமேல் லைசென்ஸ் கிடையாது என்றுவிட்டார்களாம். எட்டு மாதம் லாரி உன் வாசலில் சும்மா நின்றதாம். எட்டு மாதம்! எனக்கு ஒருவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நீதான் தம்பியைக் கூப்பிட்டு, என்னால்தான் ஓட்ட முடியாது, இன்ஜினுக்கு ஒரு குறையும் இல்லை, கழற்றிக்கொண்டு போ என்றாயாம். 'அம்மாகிட்ட மட்டும் சொல்லிடாத, தூக்கித் தெருவுல போட்டுரும்' என்றாயாம். கண் விஷயம் தெரியாமல் இருந்திருந்தால் போட்டிருப்பேன்தான்.

அவனைத் தொட விடாமல் ஒவ்வொரு போல்ட்டையும் நீயே தடவித் தடவிக் கழற்றினாயாம். எதற்கு எந்த நம்பர் ஸ்பேனர் என்று பார்க்காமலே சொன்னாயாம். எல்லாம் முடிந்ததும் மேல்மூடியில் கையை வைத்து அந்தப் பள்ளத்தைத் தேடிக் கண்டுபிடித்து, 'இது அம்மா போட்டது. மொட்டை நிமித்துறேன்னு நிப்பான். விட்டுறாத' என்றாயாம்.

இதைச் சொல்லிவிட்டுச் சின்னவன் அழுதான். நான் அழவில்லை. வண்டியைக் கிளப்புடா என்றேன். கிளப்பினான். முந்தாநாள் வந்தபோதும் அந்தச் சத்தத்தைக் கேட்டேன், அடையாளம் தெரியவில்லை. நேற்றுத் தெரிந்தது. என் வாசலில் கேட்கக் கூடாது என்று நான் சொன்ன சத்தம், நீ தள்ளுவண்டி என்று சொன்ன வண்டிக்குள்ளிருந்து கேட்டது. அணைக்கிறேன் என்றான். விடவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றேன்.

மதியம் மொட்டையையும் கூட்டிக்கொண்டு, ஜல்லியோடு பாலத்து மேட்டில் ஏற்றிப் பார்த்தோம். என்னமாய் ஏறுகிறது! ஆனால் மூன்றாவது கியரில் மட்டும் அடியிலிருந்து ஒரு முனகல் வருகிறது. தண்டு வெட்டியதில் கோளாறு என்கிறான் சின்னவன். இல்லை, பின் ஆக்சிலில் என்கிறான் மொட்டை. வீட்டுக்கு வந்து சேர்ந்தும் இருவரும் அடித்துக்கொள்ளாத குறை. கடைசியில் மொட்டை என் பக்கம் திரும்பாமல், 'இந்த இன்ஜினக் கேட்டுச் சொல்ல ஒருத்தன்தான் இருக்கான்' என்று சுவரிடம் சொன்னான். அவன் சொன்னதில் முதல் தடவையாக ஒரு நியாயம் இருந்தது. அந்த வேலைக்குக் கண் வேண்டாம். காது போதும். தம்பியோடு நீ இருந்தால் அவனும் பிழைப்பான்.

அடுத்த வியாழக்கிழமை சின்னவன் வண்டியோடு வருகிறான். நானும் வருகிறேன். என் பேத்தியை நான் பார்த்ததே இல்லை. எட்டு வயசாமே. அவளை மடியில் வைத்துக்கொண்டு மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார முடியுமா என்று தலையணையை வைத்துப் பார்த்துவிட்டேன், முடிகிறது. நெருக்கிக்கொண்டால் உன் பெண்டாட்டிக்கும் இடம் உண்டு. அவள் சிரித்ததை நான் மறக்கவில்லை என்றும் சொல்லி வை. அந்த வீல் ஸ்பேனர் இன்னும் வண்டியில்தான் கிடக்கிறது. பயப்படாதே, இப்போது தோளைத் தூக்கினால் எனக்கே வலிக்கிறது.

எழுத்து பெரிசாக இருப்பதற்குக் காரணம், இதை நீயே படிக்க வேண்டும். மூட்டையில் விலாசம் எழுதுகிற தடிப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பக்கத்துக்கு ஏழு வரிதான் பிடிக்கிறது, ஒரு நோட்டு தீர்ந்துவிட்டது. வெளிச்சத்தில் வைத்து, வலது கண்ணால், மெதுவாகப் படி. முடியாத இடத்தை மட்டும் பேத்தியிடம் கொடு.

வண்டி வந்து நிற்கும்போது சத்தம் உனக்கே சொல்லும். நான் முதலில் இறங்க மாட்டேன். என்னால் ஆகாது, என் பிறவி அப்படி. நீயே வந்து, கதவில் அப்பா கட்டிய கயிற்றைத் தடவிப் பிடித்துக்கொண்டு, அம்மா என்று ஒருதரம் கூப்பிடு. நீ கூப்பிடுகிறவரை இன்ஜினை அணைக்க விட மாட்டேன்.

மிச்சமிருக்கிற பார்வை உனக்கு நிலைக்கட்டும். என் ஆயுசையும் சேர்த்து நீ இருக்க வேண்டும்.

உன் அம்மா