எதிர்ச் சரிவிலிருந்து வந்த குரல்

அருமை மகளுக்கு அப்பா சொல்ல, உன் தம்பி பெண்டாட்டி எழுதுவது. நான் பேசுவதற்குக் கொஞ்சம் வெள்ளையடித்துத்தான் இவள் எழுதுகிறாள், பொறுத்துக்கொள். இங்கு எல்லோரும் சுகம். கடிதத்தை முழுக்கப் படி, பாதியிலேயே அழ ஆரம்பிக்காதே.

நீ பிறந்தது, ஆற்றுப்பாலம் வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போன வருஷம். அதே வருஷம்தான் நம் தெருவுக்குக் கரண்ட் வந்தது. உன் பெரியப்பா முதல் நாள் பல்பை வாயால் ஊதி அணைக்கப் பார்த்தார். மலைக் கிராமங்களுக்கு மருந்து கொண்டுபோகும் ஜீப்பை நான் ஓட்டினேன். போகிற வழியில் உன் அம்மாவைப் பிரசவத்துக்குத் தாய்வீட்டில் விடலாமென்று கம்பவுண்டரைக் கெஞ்சி, மருந்துப் பெட்டிகளுக்கு நடுவே உட்காரவைத்தேன். நாங்கள் மேலே ஏறிய பிறகு கீழே பாலம் போய்விட்டது. முன்னால் பாதையும் சரிந்து கிடந்தது. நடுவில் ஒரு மலையூரின் எல்லையில் மாட்டிக்கொண்டோம், அங்கேயே உன் அம்மாவுக்கு வலி வந்துவிட்டது.

அந்த ஊரில் வெளியாள் எல்லைக்கல்லைத் தாண்டக் கூடாது. அங்கே நின்று கூவ வேண்டும். உள்ளிருந்து யாராவது பதில் கொடுத்தால்தான் போகலாம். நான் ஹாரனை அமுக்கு அமுக்கென்று அமுக்கினேன். ஒருவரும் அசையவில்லை. கம்பவுண்டர், "யோவ், வாயைத் திறந்து கூப்பிடுய்யா" என்றார். நான் போட்டது கூவலா, ஒப்பாரியா என்று எனக்கே தெரியாது. பதிலுக்குக் கூவிக்கொண்டே நெட்டையாக ஒருத்தி ஓடிவந்தாள். "பெறப்போறது அவளா, நீயா?" என்று கேட்டபடி உன் அம்மாவைத் தாங்கிக் கூட்டிப்போனாள். அவள் கையில்தான் நீ விழுந்தாய். அன்றிலிருந்து அவளுக்கு நான் அழுமூஞ்சி டிரைவர், நமக்கு அவள் நெட்டையம்மா.

இப்போது நெட்டையம்மா ஊரில் மலை சரிந்த செய்தியை டிவியில் பார்த்து நீ போனில் அழுதாயே, மறுநாளே கிளம்பிவிட்டேன். "இந்த முட்டிய வச்சுக்கிட்டு மலையா?" என்று உன் தம்பி குதித்தான். பஸ் பாதி வழிவரைதான் போயிற்று. மிச்சத்தை ஒரு டிராக்டர்காரர் புண்ணியத்தில் கடந்தேன்.

எல்லைக்கல் அப்படியே நின்றது. அதற்கு அப்பால் வீடுகள் இல்லை, சேறுதான். ஒரு கதவு மட்டும் மண்ணில் செருகி நின்றது. தடுக்க யாருமில்லை, தாண்டியிருக்கலாம். கால் வரவில்லை. நின்று கூவினேன். பதில் இல்லை. திரும்பவும் கூவினேன். உனக்கு என்ன சொல்வேன் என்று அந்தக் கல்லிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அப்போது என் முதுகுக்குப் பின்னால், எதிர்ச் சரிவிலிருந்து கூவல் வந்தது. மழை வலுத்ததுமே ஆடுமாடுகளோடு எல்லோரும் அந்தப் பக்கம் போய்விட்டார்களாம். நான்தான் காலி ஊரைப் பார்த்துத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். கூவலோடு ஒரு குரலும் வந்தது: "யாரு, அழுமூஞ்சி டிரைவரா? இன்னுமா நீ அழுது முடிக்கல?"

அவள் கூனிப்போய் என் தோளுயரம்கூட இல்லை. பார்வையும் மங்கல். உன் போட்டோவை விரலால் தடவித் தடவிப் பார்த்தாள். "எம்புள்ள எப்ப வரும்?" என்றாள். சீக்கிரம் வரும் என்று சொல்லிவிட்டேன். என்னைப் பொய்யனாக்கிவிடாதே.

மகராசியாக இரு, அப்பாவின் ஆசீர்வாதம் என்று எழுதி முடிக்கச் சொன்னேன். ஒன்று விட்டுப்போயிற்று. நீ பிறந்தபோது நான் வாசலில் நின்றவன்தான். உள்ளே இருந்தவர்களில் உன் அம்மா போய்விட்டாள், பிரசவத்துக்குக் கூட நின்ற அந்த ஊர்க் கிழவியும் அந்தக் காலத்திலேயே போய்விட்டாள். உன் முதல் அழுகையைப் பக்கத்தில் இருந்து கேட்டவர்களில் இன்னும் உயிரோடு இருப்பது நெட்டையம்மா ஒருத்திதான்.